கலைச்சொல் தேவை: 'விமர்சனச் சிந்தனையாளர்' பொருந்துமா?

கிளிநொச்சியிலிருந்து, ஆசிரியர்:
அன்புடையீர், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டிய ஆசிரியர் கைந்நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அதில் ஓர் அதிகாரம் முழுவதும் 'விமர்சனச் சிந்தனையாளர்' (ஆங்கிலத்தில் critical thinker, அதாவது எதையும் ஆராய்ந்தே ஏற்பவர்) எவ்வாறு பழகுவார் என்பதைப் பேசுகிறது. வகுப்பில் அச்சொல்லைச் சொல்லிப் பார்த்தபோது, தரம் 11 மாணவி ஒருத்தி, "எல்லாவற்றிலும் பிழை பிடிக்கிறவரா, சேர்?" என்று கேட்டாள். மாரியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்துவிட்டதாக ஒரு படம் கைபேசிகளில் பரவியபோது, அது எந்த ஆண்டுப் படம் என்று முதலில் வினவியவளும் அவளே. பண்பு அவளிடம் இருக்கிறது. பெயர்தான் அவளை விரட்டுகிறது.

முள்ளியவளையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, 'விமர்சனம்' வடசொல். அதன் மூலப்பொருள் ஆராய்தலேயன்றிப் பிழை பிடித்தல் அன்று. ஆயினும், 'தேர்' என்னும் வினையடி நம்மிடம் இருக்க, ஏன் அலையவேண்டும்? கண்ணகி பாண்டியனைத் 'தேரா மன்னா' என்று விளித்தது, அவன் ஆராயாமல் தீர்ப்பளித்தமைக்காகவே. 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்னும் குறளில் நீர் தேடும் ஆளின் இலக்கணம் முழுமையாகவே இருக்கிறது: அவர் ஆராயாமல் நம்பமாட்டார், ஆராய்ந்து தெளிந்தபின் காரணமின்றி ஐயப்பட்டுக்கொண்டிருக்கவும் மாட்டார். எனவே 'தேர்சிந்தனை' என்க.

மாங்குளத்திலிருந்து, விஞ்ஞான ஆசிரியை:
ஐயா குறை நினைக்கக்கூடாது. 'தேர்சிந்தனை' என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கோயில் தேர்தான் நினைவுக்கு வரும். 'தேர்ச்சி'யையோ பாடத்திட்டம் வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. அக்குறளும் ஆளை ஆராய்ந்து தெரிவுசெய்வது பற்றியதே, கூற்றை ஆராய்வது பற்றியதன்று. இத்தகைய சிந்தனை பற்றி, அமெரிக்க மெய்யியற் சங்கத்துக்காக 46 அறிஞர்களின் கருத்தைத் திரட்டி 1990இல் வெளியான அறிக்கை, பொருள்கொள்ளல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உய்த்துணர்தல், விளக்கியுரைத்தல் என்பவற்றோடு, தன் சிந்தனையைத் தானே சோதித்துத் திருத்துதலை ஆறாவது திறனாக வைக்கிறது. முதல் ஐந்தும் பட்டிமன்றப் பேச்சாளரிடங்கூட இருக்கும். ஆறாவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன், என்னிடத்திலும். நாம் தெரிவுசெய்யும் சொல் அதற்கு இடங்கொடுக்கிறதா என்பதே என் கேள்வி.

வவுனியாவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
'Critical' என்னும் ஆங்கிலச்சொல்லின் கிரேக்க மூலத்துக்குப் 'பிரித்தல்' என்பது பொருள். அதே வேரில் பிறந்த இலத்தீன் சொல்லொன்று அரிதட்டையே குறிக்கிறது. 'பகுத்தறிவு' கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பெரியாருக்குப் பின் அது கடவுள் மறுப்பையே முதலில் நினைவூட்டுகிறது. களத்தில் நெல் தூற்றும் வன்னி மக்களுக்குத் 'தூற்றிச் சிந்தித்தல்' விளங்காதா? தூற்றுதலுக்குப் பழித்தல் என்னும் பொருளும் ஏறியிருப்பதை அறிவேன். விமர்சனத்துக்கு நேர்ந்த கதிதான். அது வேண்டாமெனில், அரிதட்டின் பெயரால் 'அரிசிந்தனை' என்று வைத்துக்கொள்வோம்.

முள்ளியவளையிலிருந்து:
அதை வாசிக்கும் பிள்ளை அரிசியைப் பற்றிய சிந்தனை என்றே கொள்ளும். அன்றியும், நன்னூலார் நெய்யரியைக் கடைமாணாக்கருக்கு உவமை கூறியுள்ளார்; அது நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்வது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தையன்றோ தலைமாணாக்கருக்குச் சொன்னார்?

மாங்குளத்திலிருந்து:
அன்னத்தை எங்கள் பிள்ளைகள் கண்டதில்லை. கீரை ஆய்வதைத் தினமும் காண்கிறார்கள். பழுத்த இலையைக் கழித்து நல்லதை எடுப்பதும் ஆய்தல்தானே? 'ஆய்ந்து தெளிபவர்' என்று எழுதினால், குறளின் தெளிவும் ஐயாவுக்குக் கிடைத்துவிடும். ஆய்ந்தது தன் கருத்தாகவும் இருக்கலாம் அல்லவா?

கிளிநொச்சியிலிருந்து:
வியாழன் இரவாகிவிட்டது. இதுவரை எழுதியவர்களில் மூவர் 'ஆய்ந்து தெளிபவர்' என்பதை ஏற்கின்றனர். அவர்களுள் இருவர் உறக்கம் வருகிறது என்பதையே காரணமாகக் காட்டியிருக்கின்றனர். அதையே இடுகிறேன், முதல் வரவில் மட்டும் 'விமர்சனச் சிந்தனையாளர்' அடைப்புக்குறிக்குள் நிற்கும்.

முள்ளியவளையிலிருந்து:
அச்சிடுக. ஆயினும், நம் ஊரில் 'ஆய்தல்' என்றால் மரத்திலிருந்து பறித்தலும் ஆகும் என்பதை எவரும் கருதவில்லை. அயல்வளவு மாங்காயை ஆய்ந்தவன், அடிவாங்கித் தெளிந்தபின், நானும் அந்த அதிகாரத்தில் வருகிறேனா என்று கேட்டால், தம்பி, பதில் சொல்லவேண்டியவர் நீர்.