மறு: ஓவியத்தை ஒருவர்மேல் ‘சார்த்துதல்’ – கைச்சார்த்து வேண்டாம், சார்த்துரை?

அன்புள்ள குழுவினருக்கு,

கையெழுத்து இல்லாத ஓவியத்தை இன்னார் வரைந்தது என்று ஆய்ந்து சொல்வதற்கு (ஆங்கிலத்தில் attribution) போன வாரம் நான் முன்வைத்த ‘கைச்சார்த்து’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். யாழ்ப்பாண நண்பரின் மடலைப் படித்ததும் அது நிற்காது என்று தெரிந்துவிட்டது.

> எங்கட பக்கம் கைச்சாத்து என்றால் கையெழுத்து. ‘ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது’ என்றுதான் பத்திரிகைகள் எழுதும். கையெழுத்தே இல்லாத படத்துக்குக் கைச்சார்த்து என்றால், வாசிக்கிறவர் நேர்மாறாக அல்லவோ விளங்கிக்கொள்வார்?

மிகச் சரி. ஆனால் இன்னொரு நண்பரின் கேள்விக்கு நான் உடன்படவில்லை.

> ‘இன்னார் வரைந்ததாகக் கருதப்படுகிறது’ என்று எழுதினால் போதாதா? புதுச்சொல் எதற்கு?

போதாது. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையே அதற்குச் சான்று. அதன் நாயகர் ஜோஷுவா ஜான்சன், அமெரிக்கா விடுதலை பெற்றதை அடுத்த காலத்தில், மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் உருவப்படம் வரைந்தவர். அவரை மறதியிலிருந்து மீட்டவர் ஹால் பிளெசன்ட்ஸ். படிப்பால் மருத்துவர், மேரிலாந்துக் குடும்பங்களின் வம்சாவளியிலும் பழைய உருவப்படங்களிலும் ஊறியவர். அந்த ஊரில் சில வீடுகளில் முன்னோர் படத்தைக் காட்டி, ‘இதை வரைந்தவன் ஓர் அடிமை’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். யாருடைய அடிமை என்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறியது.

பிளெசன்ட்ஸ் இந்தச் செவிவழிச் செய்திகளைத் திரட்டியதோடு நிற்காமல் படங்களை ஒப்பிட்டார். முக்கால்வாசி திரும்பி விறைப்பாக இருக்கும் உடல், இறுக மூடிய உதடு, மெல்லிதாகப் பூசிய வண்ணம், ஓரத்தில் பித்தளைக் குமிழாணி வரிசையாக அடித்த சோபா. 1939-இல் 13 படங்கள் ஒரே கையால் ஆனவை என்றார். அந்தக் கைக்கு ஜோஷுவா ஜான்ஸ்டன் என்று பெயரும் தந்தார். பால்டிமோர் முகவரிக் கையேடுகளில் 1796 முதல் ஜான்சன் என்றும் ஜான்ஸ்டன் என்றும் வரும் பெயர் அது. 1816-17 கையேடு அவரைக் கறுப்பினச் சுதந்திரக் குடித்தனக்காரர்களின் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது.

இப்போது ‘கருதப்படுகிறது’ என்று எழுதிப் பாருங்கள். தாத்தா சொன்ன கதையும் ‘கருதப்படுகிறது’, பல படங்களைக் கண்ணால் அளந்து ஓர் ஆய்வாளர் கொடுத்த முடிவும் ‘கருதப்படுகிறது’. யார் கருதினார், எப்போது, எதை வைத்து என்ற மூன்றும் அந்தச் செயப்பாட்டுவினையில் காணாமல் போகின்றன. இது நடைக்குறை மட்டுமல்ல, பொருளையே மறைக்கிறது.

இன்று ஜான்சனுக்கு உரியவை என்று 80-க்கும் மேற்பட்ட படங்களைச் சொல்கிறார்கள். அவற்றில் அவரே கையெழுத்திட்டது என்று அறியப்பட்டது ஒன்றே ஒன்று: சாரா ஆக்டன் கஸ்டின் என்ற பெண்ணின் படம். இன்னொன்றுக்கு வேறு வகை ஆதாரம் இருக்கிறது. தானும் பிள்ளைகளும் இருக்கும் குடும்பப் படத்தை 1818-இல் ஜே. ஜான்சன் வரைந்தார் என்று ரெபெக்கா எவரெட் தன் உயிலிலேயே எழுதிவைத்தார். ஆக ஒப்பமிட்டது, ஆவணம் உள்ளது, சார்த்தப்பட்டது என்று மூன்று நிலைகள். பெரும்பாலானவை மூன்றாவதில்தான் வருகின்றன. அதற்குத் தமிழில் பெயர் இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதவே முடியாது.

1990-களில் புதிய ஆவணங்கள் வெளிவந்தன. 1764-இல் ஜார்ஜ் ஜான்சன் என்ற வெள்ளையர் ஜோஷுவாவை விலைக்கு வாங்கியிருக்கிறார். 1782-இல் அவனைத் தன் மகன் என்று ஒப்புக்கொண்டு, கொல்லுப்பட்டறையில் தொழில் பழகி முடித்ததும் அல்லது 21 வயது நிறைந்ததும், எது முந்தியதோ அப்போது விடுதலை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். தாயின் பெயர் அந்தத் தாள்களில் இல்லை. அந்த வரியை மொழிபெயர்த்தபின் கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. ஓவியர் யார் என்ற கேள்விக்கு இவை விடை தந்தன. ஆனால் சுவரில் தொங்கும் இந்தப் படம் அவருடையதா என்பதற்கு இன்றும் கண்ணும் ஒப்பீடும்தான் துணை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல்தான் நமக்கு வேண்டும்.

அதனால் ‘கை’யை விட்டுவிட்டு ‘சார்த்து’ என்ற வேரைப் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றை ஒருவர்மேல் சார்த்திக் கூறுதல் உரையாசிரியர்கள் கையாண்ட வழக்கு. சுவரில் ஏணியைச் சார்த்தி வைக்கிறோம். அது சுவரோடு ஒட்டிப் பிறந்ததல்ல; ஒருவர் கொண்டுவந்து வைத்தது, இடம் பொருந்தாவிட்டால் எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். மாலை சாத்துவது நினைவுக்கு வருகிறதே என்றார் ஒருவர். இடம் பார்த்தால் குழப்பம் வராது.

பெயர்ச்சொல்: சார்த்துரை. வினை: சார்த்துதல். மறுத்தால் சார்த்துநீக்கம். பயன்படுத்திப் பார்த்தேன்:

‘பிளெசன்ட்ஸ் 1939-இல் 13 ஓவியங்களை ஜான்ஸ்டன்மேல் சார்த்தினார்.’
‘இந்தச் சார்த்துரைக்கு அடிப்படை பாணி ஒப்பீடு, ஆவணம் இல்லை.’

முதல் வாக்கியத்தில் ‘யார்’, ‘எப்போது’ என்பவை தாமாகவே வந்து உட்கார்ந்துவிட்டன. இரண்டாவதில் ‘எதை வைத்து’ என்பதும் வந்துவிட்டது. attribute என்பதற்கு வழங்கும் ‘பண்புக்கூறு’ கணினிக்காரர்களிடம் இருக்கட்டும். ‘உரித்தாக்கல்’ சொத்துப் பத்திரம் போல ஒலிக்கிறது.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. சோபா ஆணிகளை வைத்து ஜான்சனைப் ‘பித்தளை ஆணி ஓவியர்’ என்றும் அழைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத கலைஞரை அவர் படைப்பின் ஒரு கூறால் அழைப்பது நமக்குப் புதிதல்ல; ‘செம்புலப் பெயல்நீர்’ பாடியவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்த மரபு நம்முடையது. இந்த வகைப் பெயருக்கு ‘தொடர்பெயர்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். பாட்டின் தொடருக்கு அது பொருந்தும், ஆணிக்குப் பொருந்தவில்லை. ‘கூற்றுப்பெயர்’, ‘அடையாளப்பெயர்’ இரண்டும் திருப்தி தரவில்லை. சங்க இலக்கியம் படித்தவர்கள் யாராவது இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள். ஞாயிறு வரை அந்தப் பத்தியைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.