‘ஜே. கேன்சர் ரெஸ்.’ தொகுதி 3, 1918: இந்த இதழ் எங்கே போனது?

கேட்டவர்: தார்முயல்

வணக்கம். வேதிப்பொருள்களால் புற்று உண்டாவது பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

முயலின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தார் தடவிப் புற்றை வரவழைத்துக் காட்டியவர்கள் யமாகிவாவும் இச்சிகாவாவும். அந்தக் கட்டுரையை எல்லாரும் ‘ஜே. கேன்சர் ரெஸ்., 3, 1–29, 1918’ என்றே குறிப்பிடுகிறார்கள். ‘கேன்சர் ரிசர்ச்’ இதழின் மூன்றாம் தொகுதியைத் தேடினால் அது 1943ஆம் ஆண்டுடையது. என் நெறியாளர், “எவரோ ஒருவர் ஆண்டைத் தப்பாக அடித்துவிட்டார், மற்றவர்கள் பார்த்து எழுதிவிட்டார்கள். 1943 என்று திருத்திவிடு” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நுண்ணோக்கி

ஜெர்மன் இதழாக இருக்கலாம். யமாகிவா பெர்லினில் நோய்க்குறியியல் அறிஞர் ஃபிர்ஹோவிடம் படித்தவர். ‘ஜர்னல் ஆஃப் கேன்சர் ரிசர்ச் அண்ட் கிளினிகல் ஆன்காலஜி’ என்று ஒன்று வருகிறதே, அது ஜெர்மனியில் தொடங்கிய நூறாண்டு இதழ். அங்கே பாருங்கள்.

பதில்: பழைய அலமாரி

தம்பி, எதையும் திருத்திவிடாதீர்கள். 1918 சரிதான். யமாகிவா 1930லேயே இறந்துவிட்டார். 1943இல் அவர் எப்படிக் கட்டுரை எழுதுவார்?

நுண்ணோக்கி சொல்லும் ஜெர்மன் இதழுக்கு அந்தப் பெயர் வந்ததே 1979இல்தான். 1918இல் அதன் பெயர் ‘ட்சைட்ஷ்ரிஃப்ட் ஃபூர் க்ரெப்ஸ்ஃபோர்ஷுங்’. அதனால் அதுவும் இல்லை.

உங்களுடையது ‘ஜர்னல் ஆஃப் கேன்சர் ரிசர்ச்’ என்ற அமெரிக்க இதழ். அது பிறகு ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ ஆனது, அதற்கு அடுத்து வந்ததுதான் ‘கேன்சர் ரிசர்ச்’. ஆக, இப்போதிருக்கும் இதழுக்கு உங்களுடையது பாட்டி முறை. நான் மருத்துவ நூலகத்தில் 31 வருஷம் இருந்தவன், இந்தக் குடும்பத்தோடு பெரிய சண்டையே போட்டிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்கு வருகிறேன்.

1984இல் ஒரு மருத்துவரின் குடும்பத்தார் அவர் சேர்த்து வைத்திருந்த பழைய இதழ்களை எங்களுக்குக் கொடுத்தார்கள். ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ கடைசி மூன்று தொகுதிகள், 38, 39, 40. கூடவே ‘கேன்சர் ரிசர்ச்’ முதல் தொகுதி, 1941. எல்லாம் தனித்தனி இதழ்கள், நூல் விட்டுப்போனவை. பைண்டிங்குக்கு அனுப்பினேன். பைண்டர் கெட்டிக்காரர். 40க்கு அப்புறம் 1 வருகிறதே, நூலகத்துக்காரர் தவறாக எழுதிவிட்டார் போல என்று அவராகவே முடிவு செய்து, முதுகில் தங்க எழுத்தில் ‘41’ என்று அடித்து அனுப்பிவிட்டார். நானும் கவனிக்காமல் அலமாரியில் ஏற்றிவிட்டேன்.

‘கேன்சர் ரிசர்ச்’சின் நிஜமான 41ஆம் தொகுதி 1981. ஆக இரண்டு 41. ஒரு முதுநிலை மாணவர் 1981 கட்டுரை ஒன்றைக் கேட்டு வந்தார், எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, “சார், 293ஆம் பக்கத்தில் விரை நீக்கம் பற்றி இருக்கிறது” என்றார். அப்போதுதான் உட்கார்ந்து அந்தத் தொகுதியைப் புரட்டினேன். 293 முதல் 297 வரை, ஐந்தே பக்கம். ஹக்கின்ஸும் ஹாட்ஜஸும் எழுதியது. பரவிவிட்ட புராஸ்டேட் புற்றில் விரைகளை நீக்கினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ இரத்தத்தில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவு இறங்குகிறது, ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் ஏறுகிறது என்று காட்டிய கட்டுரை. புற்றுக்கட்டி என்றால் உடம்பின் பேச்சைக் கேட்காமல் தன்போக்கில் வளர்வது என்று எல்லாரும் நினைத்திருந்த காலம். அது ஹார்மோனுக்குக் கட்டுப்படுகிறது என்று இந்த ஐந்து பக்கம் சொன்னது. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் கிடைத்தது. இதழின் முதல் தொகுதியிலேயே இப்படி ஒன்று.

சரி, எண் ஏன் 40இலிருந்து 1க்குப் போனது? பணம்தான் காரணம்.

அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தை 1907 மே மாதம் வாஷிங்டனில் பதினொரு பேர் தொடங்கினார்கள். அவர்களுக்கென்று ‘ஜர்னல் ஆஃப் கேன்சர் ரிசர்ச்’ 1916இல் வந்தது. முதல் ஆசிரியர் ரிச்சர்ட் வைல். உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்த இரத்தத்தைக் குளிரில் சில நாள் வைத்திருந்து ஏற்றலாம் என்று 1915இல் காட்டியவர் இவர்தான், இன்றைய இரத்த வங்கிகள் இவருக்குக் கடன்பட்டவை. போர் வந்ததும் ராணுவ மருத்துவராகப் போனார். 1917 நவம்பரில் ஜார்ஜியாவில் ஒரு முகாமில் நிமோனியா கண்டு இறந்துபோனார். இதழுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. உங்கள் யமாகிவா கட்டுரை அதற்கு அடுத்த வருஷம் வந்தது, மூன்றாம் தொகுதியின் முதல் பக்கத்திலேயே. அதற்கு முன் அவர் இதை ஜெர்மன் மொழியில், தோக்கியோப் பல்கலைக்கழக வெளியீட்டில் எழுதியிருந்தார்.

14 தொகுதிகள் 1930 வரை ஓடின. பிறகு பிரான்சிஸ் கார்வன் என்பவர் உள்ளே வருகிறார். முதல் உலகப் போரில் அமெரிக்கா பறிமுதல் செய்த ஜெர்மன் வேதியியல் காப்புரிமைகளை வாங்கி உரிமம் கொடுத்துவந்த ‘கெமிக்கல் பவுண்டேஷன்’ அவருடையது. அந்தக் காசில் இதழ் 1931 முதல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ ஆனது. எண் மட்டும் 15 என்று தொடர்ந்தது. எதிரியின் சாயக் காப்புரிமையில் வந்த பணம் புற்றுநோய் இதழை நடத்தியது, யோசித்துப் பாருங்கள். 1937இல் கார்வன் இறந்தார், பணமும் வற்றியது. 1940இல் 40ஆம் தொகுதியோடு நின்றது. 1941 ஜனவரியில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஜேம்ஸ் மர்ஃபியை ஆசிரியராகக் கொண்டு, வேறு அறக்கட்டளைகளின் காசில், ‘கேன்சர் ரிசர்ச்’ என்று புதுப் பெயரில் 1 என்று எண்ணத் தொடங்கினார்கள்.

ஆகவே உங்கள் 3க்கும் 1943இன் 3க்கும் சம்பந்தமில்லை. ‘ஜே.’ என்று ஒரு எழுத்து முன்னால் நிற்கிறதே, அதுதான் வித்தியாசம். பழைய இரண்டு இதழ்களையும் சங்கம் தன் இணையக் காப்பகத்தில், ‘கேன்சர் ரிசர்ச்’ பக்கத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறது. ஆய்வேட்டில் அன்றைய பெயரையே எழுதுங்கள், இன்றைய பெயருக்கு மாற்றாதீர்கள்.

பதில்: நுண்ணோக்கி

தவறாக வழிகாட்டிவிட்டேன், மன்னிக்கவும். அந்த 41ஐ அப்புறம் என்ன செய்தீர்கள் சார்?

பதில்: பழைய அலமாரி

மறுபடி பைண்டிங் செய்யக் காசு ஒதுக்க மாட்டோம் என்றார்கள். முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி ‘1’ என்று மையால் எழுதினேன். தாள் உரிய உரிய மாற்றி ஒட்டுவேன். நான் ஓய்வு பெற்ற பிறகு பழைய தொகுதிகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். இரண்டு 41உம் ஒரே மூட்டையில் போயிருக்கும்.

பதில்: தார்முயல்

சார், கட்டுரை கிடைத்துவிட்டது! முயல் காதுப் படங்களையும் பார்த்தேன். நெறியாளரிடம் யமாகிவா இறந்த ஆண்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் “சரி, 1918 இருக்கட்டும்” என்றார்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். வெண்ணெய்க்கு நிறமூட்டும் மஞ்சள் சாயம் எலிக்கு ஈரல் புற்றைத் தரும் என்ற கினோசிட்டாவின் கட்டுரை, ‘கான், 30, 1936’. இதுவும் பெயர் மாறிய இதழா?

பதில்: பழைய அலமாரி

ஆமாம், இரண்டு தடவை. ‘கான்’ என்றால் ஜப்பானிய மொழியில் புற்று. 1907இல் அதைத் தொடங்கியவரே உங்கள் யமாகிவாதான். 1985இல் ‘ஜாப்பனீஸ் ஜர்னல் ஆஃப் கேன்சர் ரிசர்ச்’, 2003இல் ‘கேன்சர் சயின்ஸ்’. ஆனால் எண்ணை ஒருமுறைகூட 1க்குக் கொண்டுபோகவில்லை, 2003இல் 94 என்று வந்தது. எங்கள் பைண்டருக்கு இது போயிருந்தால் ஒரு சிக்கலும் வந்திருக்காது.