டிக் எத்தனை மில்லி, ஆர்க் எத்தனை மில்லி?

வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த புதிதில் நடந்தது. வேலை 20 மி.மீ. கார்பன் ஸ்டீல் வெசல் (கலன்). கையில் இருந்த பி.க்யூ.ஆர். (வெல்டிங் முறையைச் சோதித்துத் தேறிய பதிவு) 12 மி.மீ. டெஸ்ட் பீஸில் எடுத்தது. ரூட் (அடி அடுக்கு) டிக், அதாவது ஆர்கான் வாயு வெல்டிங்; மேலே ஆர்க், அதாவது பூச்சு ராடு வைத்துப் போடும் வெல்டிங். வெல்டிங் சோதனை விதிகளான ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 9-இன்படி 12 மி.மீ. பீஸுக்கு 5 முதல் 24 மி.மீ. தடிமன் வரை செல்லும். 20 அதற்குள் வருகிறதே என்று டபிள்யூ.பி.எஸ்.ஸை (வெல்டருக்கான செயல்முறைத் தாள்) ஷாப்புக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு நாசில் (கலனில் பைப் சேரும் வாய்) ஜாயின்ட்டில் ஆர்க் ராடு நுழைய இடமில்லை. வெல்டர் நல்ல கைக்காரர். டிக்கிலேயே 10 மி.மீ. வரை ஏற்றிவிட்டார், பார்க்க அத்தனை சுத்தம். வந்த கிளையன்ட் இன்ஸ்பெக்டர் வெல்டைப் பார்க்கும் முன்பே பி.க்யூ.ஆரைக் கேட்டார். டிக் 3, ஆர்க் 9 என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். "இந்த மூணுக்கு ரெண்டு மடங்கு ஆறு. நீங்க பத்து போட்டிருக்கீங்க தம்பி."

நான் பார்த்தது பிளேட்டின் தடிமனை மட்டும்தான். ஒவ்வொரு ப்ராசஸும் போடும் வெல்டு மெட்டலுக்குத் தனியாக எல்லை உண்டு. அந்த பி.க்யூ.ஆரில் டிக்குக்கு 6, ஆர்க்குக்கு 18. எக்ஸ்ரேயில் குறையே இல்லாவிட்டாலும் அந்த வெல்டுக்கு ஆதாரமான சோதனை கிடையாது. முழுக்க டிக்கில் 12 மி.மீ. பீஸ் போட்டு, டென்சைல் (இழுவை), பெண்ட் (வளைவு) சோதனைகள் தேறிய பிறகு, அந்த ஜாயின்ட்டை எடுத்துவிட்டு மறுபடி வெல்டு செய்தோம். நல்ல வேலையை அரைத்துத் தள்ளும்போது அந்த வெல்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தவறு என் பேப்பரில். உழைப்பு போனது அவருக்கு. இன்றும் அது உறுத்துகிறது.

அதிலிருந்து டபிள்யூ.பி.எஸ்.ஸில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உச்ச தடிமனைத் தனித்தனியாக எழுதாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மறுமொழி

அண்ணா, எனக்குக் கீழ் எல்லையில் இதே அனுபவம். 25 மி.மீ. பீஸ், இம்பாக்ட் டெஸ்டோடு (அடி தாங்கும் சோதனை) எடுத்தது. 5 முதல் 50 வரை என்று எழுதி வைத்திருந்தோம். இம்பாக்ட் கேட்கும் வேலை என்றால் கீழ் எல்லை பீஸின் தடிமன் அல்லது 16 மி.மீ., இரண்டில் எது குறைவோ அது. எங்கள் பைப் 10 மி.மீ. ஃபிட்டப் (பொருத்துதல்) முடிந்து, ப்ரீஹீட் (முன்சூடு) கொடுக்கப் போகும் நேரத்தில் கண்டுபிடித்தோம். 10 மி.மீ. பீஸில் புதிதாக சார்பி (இம்பாக்ட் டெஸ்ட்) எடுத்துத் தேறும்வரை ஒரு ஜாயின்ட்டிலும் ஆர்க் அடிக்கவில்லை.