நருட்டோ: "மாமா, அப்போ நெஜி சொன்னதுதானே சரி?"

பழையபேப்பர் (கேள்வி)

தங்கச்சி மகன் எட்டாவது படிக்கிறான். லீவுக்கு வந்தவன் என் அலமாரியைக் குடைந்து நருட்டோ என்ற நிஞ்ஜாப் பையனின் ஜப்பானியப் படக்கதையை வெளியே எடுத்துவிட்டான். 72 தொகுதியும் என்னிடம் கிடையாது. நடுவில் இருந்த ஓட்டைகளை டேப்லெட்டில் படித்து அடைத்தோம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். 2014 நவம்பரில் 700-வது அத்தியாயத்தை முடித்து மூடி வைத்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

சூனின் தேர்வு, அதாவது நிஞ்ஜாக்களின் பதவி உயர்வுத் தேர்வு, வந்ததும் பையன் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்கவில்லை. குறிப்பாக ஹியூகா குலத்து நெஜியோடு நருட்டோ போடும் சண்டை. ஒருத்தன் யார் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது, தோற்கப் பிறந்தவன் தோற்றுத்தான் ஆக வேண்டும் என்று நெஜி சொல்வான் இல்லையா? பள்ளியில் மூன்று தடவை பெயிலான நருட்டோ, தன்னைப் பெயிலாக்கிய அதே நகல் வித்தையை நம்பி, மண்ணுக்கடியில் தோண்டிக்கொண்டு வந்து தாடையில் விடுவானே ஒரு குத்து! அந்தப் பக்கத்தை எனக்கு மூன்று முறை கொண்டுவந்து காட்டினான்.

நாலு வாரம் போனது. நருட்டோவின் அப்பா நான்காவது ஹொகாகே, அதாவது ஊர்த் தலைவர், என்று தெரிந்தது. அம்மா உசுமாகி குலம், அந்த ரத்தத்துக்கே தனி வலு என்று தெரிந்தது. தவளைக் கிழவர் முன்பே குறி சொல்லி வைத்திருந்தார் என்று தெரிந்தது. கதையின் கடைசிப் பெரும்போர் முடிகிற நேரத்தில், நிஞ்ஜா வித்தைக்கே மூலவரான ஆறு வழி முனிவரின் மகன் அசுராவின் மறுபிறவியே இவன்தான் என்றும் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "மாமா, அப்போ நெஜி சொன்னதுதானே சரி?"

சோறு ஆறுது, சாப்பிடுடா என்று சமாளித்தேன்.

இங்கே பழைய வாசகர்கள் இருக்கிறீர்கள். இதை எழுதி வரைந்த கிஷிமோட்டோ கதையை எந்த இடத்தில் கைவிட்டார்? போர் இழுவை என்று எல்லோருக்கும் தெரியும், அதைத் தவிர்த்துச் சொல்லுங்கள். பையன் இன்னும் பத்து நாள் இங்கேதான் இருப்பான், எனக்கு ஒரு பதில் வேண்டும்.

மூன்றாம்கண்

கைவிட எல்லாம் இல்லை. முதல் அத்தியாயத்திலேயே வயிற்றில் ஒன்பது வால் நரி இருக்கிறது. உங்கள் மருமகன் மூன்று தடவை காட்டிய அதே சண்டையில், உடம்பில் சக்தி ஓடும் 64 புள்ளிகளையும் நெஜி அடைத்த பிறகு நருட்டோவை எழுப்பி நிறுத்தியது நரியின் சக்ராதான், அதாவது அதன் உள்சக்திதான். மலையில் செதுக்கிய ஹொகாகே முகங்களில் நான்காவதின் தலைமுடியைப் பாருங்கள், இவன் தலைமுடியைப் பாருங்கள். ஆசிரியர் ஒளிக்கவே இல்லை, நாம்தான் பார்க்கவில்லை. அவன் ஒருநாளும் சாதாரணப் பையனாக இருந்ததில்லை.

மணல்மூட்டை

மூன்றாம்கண் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒத்துவருகிறது. நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பவன். இந்தப் பெயர் வந்ததே கதையில் உழைப்பை மட்டும் நம்பும் ராக் லீயால்தான். அவன் காலில் கட்டிய எடையைக் கழற்றிக் கீழே போட, தரையே பெயர்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டு, பழைய பேண்ட்டைக் கிழித்துப் பை தைத்து, மணல் நிரப்பிக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓடினேன். முழங்கால் போனதுதான் மிச்சம். என்னிடம் வரும் பிள்ளைகளை இப்போது அதைச் செய்ய விடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நரியும் பிறப்பும் ஒன்றல்ல. நரி என்பது சுமை. அதனால்தான் ஊரே அவனை ஒதுக்கியது. ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்திருந்தது அதனால்தான். அந்தச் சக்தியை எடுத்தால் புத்தி கலங்கும், உடம்பு வெந்துபோகும், பக்கத்தில் நிற்பவனுக்கும் அடி விழும். விலை கொடுத்து வாங்குகிற பலம் அது. முயற்சிக் கதைக்குள் அது கச்சிதமாகப் பொருந்தும். பிறப்பு ரகசியம் அப்படியில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் கடைசி ரீலில் தோளில் இருக்கும் மச்சத்தைக் காட்டி, "இவன்தான் ஜமீன் வாரிசு" என்பார்களே, அந்த வேலை. அதுவரை அவன் பட்ட பாட்டுக்கெல்லாம் பின்னால் போய் வேறு காரணம் எழுதிவிடுகிறது.

அப்பா ஹொகாகே என்பதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். மகன் தெருவில்தானே வளர்ந்தான்? எனக்கு வலிப்பது வேறு இடம்.

ரசெங்கன், அதாவது உள்ளங்கையில் சுழலும் சக்ராப் பந்து, அதை நருட்டோ கற்றுக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். முதலில் தண்ணீர் பலூன், உள்ளே நீரைச் சுழற்றி உடைக்க வேண்டும். அடுத்து ரப்பர் பந்து, அதற்கு வேகம் போதாது, அழுத்தம் வேண்டும். கடைசியில் வெறும் காற்று பலூன், உடையாமலே உள்ளே சுழற்ற வேண்டும். உள்ளங்கை தோலுரிந்து போகும். ஒற்றைக் கையால் முடியாது என்று தெரிந்ததும் நகலைக் கூப்பிட்டு இரண்டாவது கையாக வைத்துக்கொள்வான். ஒரு பயிற்சியாளராகச் சொல்கிறேன், இதைவிட நல்ல பயிற்சிக் காட்சியை நான் படித்ததில்லை. தன் குறையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடிக்கிறான், அவ்வளவுதான். உங்கள் மருமகனைக் கேட்டால் ரசெங்கன் எப்படி வேலை செய்கிறது என்று இப்போதே சொல்லிவிடுவான்.

இப்போது போரின் கடைசிக்கு வாருங்கள். நருட்டோவும் அவன் நண்பனும் போட்டியாளனுமான சாஸ்கேவும் சாகக் கிடக்கிறார்கள். முனிவர் அவர்கள் நினைவுக்குள்ளே வருகிறார். ஒருத்தன் கையில் சூரியன், இன்னொருத்தன் கையில் சந்திரன். எழுந்தால் இருவருக்கும் புதுச் சக்தி. இது எப்படி வேலை செய்கிறது என்று அவனைக் கேளுங்கள். தாத்தா கொடுத்தார் என்பான். வேறென்ன சொல்ல முடியும்?

லீயையும் பாருங்கள். சூனின் தேர்வில் மணலை ஆட்டுவிக்கும் காராவிடம் தோற்றான். இடது கையும் காலும் நொறுங்கி, நினைவு தப்பிய பிறகும் எழுந்து நின்றான். அறுவை சிகிச்சை செய்தால் பாதிக்குப் பாதி உயிர் போகலாம் என்று மருத்துவ நிஞ்ஜா சுனாடே சொன்னாள். உழைத்தும் பற்றாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு சிறுவர் பத்திரிகைக் கதை கேட்டது பெரிய தைரியம். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் அவனை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார். பாதிப் போர் முடிந்தும் லீக்கு என்று நினைவில் நிற்கிற ஒரு சண்டை கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் பழைய கிஷிமோட்டோ எட்டிப் பார்க்கிறார், லீயின் ஆசான் மைட் கை, உயிரையே விலையாகக் கேட்கும் எட்டாவது வாசலைத் திறக்கும்போது. அவர் அப்பா கடைசிவரை கெனின் என்ற கடைநிலைப் பதவியைத் தாண்டாத மனிதர், ஊர் சிரித்த மனிதர். அவர் சொல்லிக்கொடுத்த ஒரே வித்தையை வைத்துப் போரின் பெரிய வில்லன் மதாராவின் பாதி உடம்பை இவர் பிய்த்தெறிகிறார். குலம் இல்லை, விசேஷக் கண் இல்லை. நான் அந்த அத்தியாயத்தைப் பஸ்ஸில் படித்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். பிறகு என்ன? மதாரா எழுந்துகொள்கிறான். மைட் கையை நருட்டோ தொட்டுக் காப்பாற்றிவிடுகிறான், புதிதாக வாங்கி வந்த சக்தியால். கடைசியில் மதாராவும் இல்லை. 678-வது அத்தியாயத்தில் மதாராவின் கூட்டாளி கறுப்பு செட்சு அவன் முதுகில் குத்த, இருபது சொச்சம் அத்தியாயம் மிச்சமிருக்கும்போது ககுயா என்று யாரோ வந்து இறங்குகிறாள். அவளோடு நமக்கு என்ன பகை?

தொடுகோடு

எல்லோரும் பையன்களைப் பற்றியே பேசுவதால் ஒன்று மட்டும். சூனின் தேர்வின் மரண வனத்தில் நருட்டோவின் அணித் தோழி சகுரா தன் முடியை அறுத்து எறிந்து, இனி என் முதுகை நீங்கள் பாருங்கள் என்று முடிவெடுத்தபோது எனக்கு வயது 12. பொம்மலாட்ட வில்லன் சாசோரியோடு அவள் மோதியபோதும் நம்பினேன், சியோ பாட்டி பாதி நூல் பிடித்திருந்தாலும். கடைசிச் சண்டைக்கு முன்பு, போகாதே என்று சொன்னவளை சாஸ்கே மாயையில் தள்ளி மயங்கப் போட்டுவிட்டுப் போகிறான். மறுபடி அவர்கள் முதுகுதான். நெஜிக்குப் பிறப்பு என்றால் இவளுக்கு என்ன?

மைத்தீற்றல்

கொஞ்சம் ஆசிரியர் பக்கமும் பேசலாமா? நான் படம் வரைகிறவன். ஒரு பக்கம் ஒழுங்காக வரைந்து மை போட எனக்கு இரண்டு நாள். நருட்டோ வெளிவந்த வாராந்திர ஜம்ப் பத்திரிகையில் இருபதுக்குக் கொஞ்சம் குறைவான பக்கங்கள், வாரா வாரம், 1999-இல் இருந்து 15 வருஷம். உதவியாளர்கள் உண்டுதான், ஆனால் கதை அவர் தலையில். போதாததற்கு வாசகர் வாக்குச் சீட்டு. எந்தக் கதை எத்தனாவது இடம் என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஓட்டத்தில் முந்தைய வில்லனைவிடப் பெரிய வில்லன், முந்தைய கண்ணைவிடப் பெரிய கண் என்று போகாமல் யார் நிற்க முடியும்? அந்தப் பத்திரிகையே நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்று சொல்லை வைத்துத்தான் ஓடுகிறது. மூன்றில் வெற்றியைத் தள்ளிப்போட முடியாது, நட்பு இவருக்குப் பிடித்த விஷயம். இடிபட்டது முயற்சி.

பழையபேப்பர்

எல்லோருக்கும் நன்றி. மறுவாசிப்பில் என்னை உறுத்திய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் எதிரிகளாக வரும் சபுசாவும் ஹாகுவும் பாலத்தில் சாகும் இடம். பனி விழ, என்னை அவன் பக்கத்தில் கிடத்து என்று சபுசா கேட்பான். பையன் அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். பின்னால் போரில் காபுட்டோ என்ற வில்லன் அதே இருவரையும் குழியிலிருந்து எழுப்பி, மனதை அடக்கி, பொம்மையாக சண்டைக்கு விடுகிறான். பையன் சலிப்போடு பக்கத்தைத் திருப்பினான். வில்லன் பெயின் ஊரையே அழித்து, நருட்டோவின் ஆசான் ககாஷியைக் கொன்று, பிறகு பெயினை இயக்கிய நாகட்டோ எல்லோரையும் ஒரே மூச்சில் எழுப்பியதிலிருந்தே அவனுக்குச் சாவு என்றால் சந்தேகம். செத்துப்போன இன்னொரு ஆசான் ஜிராய்யாவும் வருவாரா மாமா என்று பத்து அத்தியாயத்துக்கு ஒருமுறை கேட்டான்.

மைத்தீற்றல் சொன்னதை அவனிடம் வாசித்துக் காட்டினேன். "பாவம்தான்" என்றான். சமாதானம் ஆகவில்லை.

மணல்மூட்டை

மைத்தீற்றல், வாரா வாரம் வரைவதால் கதை நீளும், வில்லன் பெருப்பான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெஜிக்கு நருட்டோ அந்தச் சண்டையிலேயே ஒரு வாக்குக் கொடுத்தான்: நான் ஹொகாகே ஆனதும் ஹியூகா குலத்தை மாற்றிக் காட்டுகிறேன் என்று. கிளைக் குடும்பத்துப் பிள்ளைகள் நெற்றியில் குத்துகிற கூண்டுப்பறவை முத்திரை, செத்தால்தான் அழியும். நெஜியின் அப்பா அண்ணனுக்குப் பதிலாகச் செத்தார். நெஜி 614-வது அத்தியாயத்தில் பெரியப்பா மகள் ஹினாட்டாவுக்கும் நருட்டோவுக்கும் குறுக்கே விழுந்து செத்தான். இரண்டு பேரையும் விடுவித்தது சாவுதான். வாக்குக் கொடுத்தவன் 700-வது அத்தியாயத்தில் ஹொகாகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அந்த முத்திரையை ஒழித்தோம் என்று சொல்ல ஒரு கட்டம் போதும். அதற்கு எத்தனை நாள் மை போட வேண்டும்?

மைத்தீற்றல்

அரை நாள். சரி, தோற்றேன்.

மூன்றாம்கண்

அது ஓட்டைதான். எனக்கும் நினைவில்லை, இப்போது போய்ப் பார்த்தேன், இல்லை.

பழையபேப்பர்

மணல்மூட்டை எழுதியதைப் பையன் தோள் வழியாக எட்டிப் படித்துவிட்டான். நேரே 72-வது தொகுதியை எடுத்துவந்தான். நருட்டோவின் மனைவியான ஹினாட்டாவும் மகள் ஹிமாவாரியும் நெஜி சமாதிக்குப் பூ வைக்கிற பக்கத்தை விரித்து, விளக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அந்தச் சின்னப் பெண்ணின் நெற்றியையும் பின்னால் வருகிறவர்கள் நெற்றியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பூதக்கண்ணாடி இருக்கா மாமா என்று கேட்டான். தேடிக்கொண்டிருக்கிறேன்.