மறு: நூலகத்துக்கு 4 கம்ப்யூட்டர் கொட்டேஷன்

எல்லாருக்கும் வணக்கம்.

பொருளாளர் மாமா அனுப்பின கொட்டேஷன் பார்த்தேன். நாலு சிபியு, நாலு மானிட்டர், நாலு யுபிஎஸ். மானிட்டர் நாலும் வேணும், அதுல மறுபேச்சு இல்ல. சிபியு ரெண்டு போதும், ஒரு சிபியுல ரெண்டு பேர் உட்காரலாம்ங்கிறது என் கட்சி.

சார்ஜாவுல நாங்க நாலு பேர் ஒரே ரூம். ரெண்டு வருஷமா ஒரே டெஸ்க்டாப்புல ரெண்டு பேர் ஒரே நேரத்துல உட்கார்றோம். விண்டோஸ் இல்ல, உபுண்டுங்கிற இலவச லினக்ஸ் போட்டது. பக்கத்து மானிட்டர்ல ரூம்மேட் பட்டிமன்றம் பார்ப்பார், என் மானிட்டர்ல நான் கணக்கு போட்டுக்கிட்டிருப்பேன். கீபோர்டு, மவுஸ், லாகின் எல்லாம் தனித்தனி. லினக்ஸ்ல இதுக்கு மல்டிசீட்னு பேரு. தனியா சாஃப்ட்வேர் எதுவும் வாங்கல.

சூட்சுமம், திரைக்குப் படம் அனுப்புற கிராபிக்ஸ் கார்டுலதான் இருக்கு. ஒரு ஆளோட மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேர்ந்தது ஒரு சீட். சீட்டுக்கு ஒரு கார்டு வேணும். ஒரே கார்டுல மானிட்டர் மாட்ட ரெண்டு எச்டிஎம்ஐ இருந்தாலும் அது ஒரே ஆளுக்கு ரெண்டு திரைதான். சிபியுக்குள்ளயே வர்ற இன்டெல் கிராபிக்ஸ் முதல் சீட்டுக்கு, தனியா செருகுற கார்டு ரெண்டாவதுக்கு. முதல் நாள் கார்டைச் செருகினதும் உள்ள இருந்த கிராபிக்ஸ் அணைஞ்சுபோச்சு. கார்டு கோளாறுன்னு விடிஞ்சதும் கடைக்காரர்கிட்ட சண்டைக்கே கிளம்பிட்டேன். அப்புறம் பார்த்தா, பயாஸுக்குள்ள, அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்குற செட்டிங்ஸ்ல, ‘மல்டி மானிட்டர்’னு ஒண்ணு ஆஃப்ல இருக்கு. அதை ஆன் பண்ணதும் ரெண்டு திரையிலயும் படம் வந்துது. கார்டு ஏஎம்டி கம்பெனியோடதா இருக்கட்டும். இன்னொரு கம்பெனி என்விடியாவோட சொந்த டிரைவர், அதாவது கார்டை ஓட்டுற சாஃப்ட்வேர், இந்த வேலைக்கு மக்கர் பண்ணும்.

அதுக்கப்புறம் கார்டையும், பல யுஎஸ்பி செருகுற ஒரு ஹப்பையும் லினக்ஸோட ‘லாகின்சிடிஎல் அட்டாச்’ கட்டளையில ரெண்டாவது சீட்டுக்குக் காட்டிவிட்டா முடிஞ்சுது. அந்த ஹப்புல எந்தக் கீபோர்டைச் செருகினாலும் அந்தச் சீட்டுக்குத்தான் போகும். ரீஸ்டார்ட் பண்ணாலும் மறக்காது.

பிரேசில்ல பரானா மாநில அரசுப் பள்ளிகள்ல 2000களிலேயே ஒரு சிபியுவுக்கு நாலு மானிட்டர் வச்சு ஓட்டினாங்க. நமக்கு அந்த அளவுக்கு வேணாம். ஒண்ணு படுத்தா மொத்தமும் படுத்துரும். ரெண்டு சிபியுன்னா, ஒண்ணு ரிப்பேருக்குப் போனாலும் ரெண்டு பிள்ளைங்க டிஎன்பிஎஸ்சி ஃபார்ம் போடலாம். யுபிஎஸ்ஸும் ரெண்டு மிச்சம். பேட்டரி மாத்துறதுக்கு வருஷா வருஷம் நூலகத்துக்காரங்க நம்மகிட்டத்தானே வந்து நிப்பாங்க!

மிச்சமாகுற காசுல கொஞ்சம் ரேமுக்குப் போகட்டும். ரெண்டு பேரும் குரோம்ல பத்து டேப் திறந்தா 8 ஜிபி முக்கும். 16 போடச் சொல்லுங்க.

ஒரு தொல்லையையும் சொல்லிடுறேன். மெனுவுல ஷட்டவுன் கொடுத்தா, இன்னொருத்தர் உள்ள இருக்கார்னு லினக்ஸ் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சா அதெல்லாம் கேட்காது. ரூம்மேட் ஒருநாள் டூட்டிக்குக் கிளம்புற அவசரத்துல அப்படித்தான் அமுக்கிட்டுப் போயிட்டார், என் ஒரு மாசக் கணக்குல அன்னிக்குப் போட்ட பாதி அம்போ. நூலகத்துல சிபியுவை மேசைக்குக் கீழ, பட்டன் சுவர்ப் பக்கம் பார்த்த மாதிரி வைங்க.

மே மாசம் லீவுல வர்றேன், ரெண்டையும் நானே செட் பண்ணித் தர்றேன். கார்டும் இங்கேயே பார்த்து வாங்கிட்டு வந்துடுவேன். மாமா, கடைக்காரர்கிட்ட அந்த மதர்போர்டு மாடல் நம்பரை மட்டும் கேட்டு அனுப்புங்க, செருகுற இடம் இருக்கான்னு பார்க்கணும்.