மறுமொழி: 'மோஷன் டு சப்ரஸ்': தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம்.

> சப்ரஸ் என்றால் ஒடுக்குதல் என்கிறது அகராதி. 'சான்று ஒடுக்க மனு' என்று போட்டுவிடலாமா?

வேண்டாமே. கலகத்தை ஒடுக்கலாம், சான்றை எப்படி ஒடுக்குவது? 'அமுக்கு', 'மறை' என்று போனால் இன்னும் மோசம். நம் ஊரில் சான்றை மறைப்பதே தனிக் குற்றம். இந்த மனுவிலோ ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. 'போலீஸ் இதை முறைகேடாக எடுத்திருக்கிறது, ஜூரி முன் வைக்க விடாதீர்கள்' என்று குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு நீதிபதியிடம் நேராகவே கேட்கிறது.

நீங்கள் மொழிபெயர்க்கும் அமெரிக்கக் கார்பென்டர் வழக்கிலேயே சொல்லைப் பொருத்திப் பார்ப்போம். டெட்ராய்ட் வட்டாரத்தில் ரேடியோஷாக், டி-மொபைல் கடைகளில் துப்பாக்கிமுனைக் கொள்ளை. திருடுபோனது புதுச் செல்பேசிகள், காட்டிக்கொடுத்ததும் செல்பேசிதான். 2011இல் நால்வர் பிடிபட்டனர். அதில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கூட்டாளிகளின் எண்களையும் கொடுத்துவிட்டார். அரசுத் தரப்பு வாரண்ட் வாங்கவில்லை, அதைவிட எளிதாகக் கிடைக்கும் ஒரு நீதிமன்ற உத்தரவோடு கோபுரப் பதிவுகளை, அதாவது எந்த செல்பேசி எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது என்ற நிறுவனப் பதிவுகளைப் பெற்றது. அந்தக் கூட்டாளிகளில் ஒருவரான கார்பென்டரைப் பற்றி மட்டும் 127 நாள் பதிவுகள், 12,898 இடப்புள்ளிகள். அவற்றை வைத்து எஃப்.பி.ஐ. அதிகாரி வரைபடம் போட்டார். நான்கு கொள்ளைகள் நடந்த நேரத்தில் அந்தந்தக் கடைக்குப் பக்கத்திலேயே போன் இருந்திருக்கிறது. இந்தப் பதிவுகளை ஏற்கக் கூடாது என்று விசாரணை தொடங்கும் முன்பே கார்பென்டர் தரப்பு மனு போட்டது, தள்ளுபடியானது. தண்டனை நூறு ஆண்டுக்கும் மேல்.

ஆக, மனு கேட்பது சான்றை அழிக்கச் சொல்லி அல்ல, கிட்டே வராமல் நிறுத்தச் சொல்லி. 'நீக்க மனு' என்று ஒருவர் எழுதியிருந்தார். நீக்குவதென்றால் ஏற்கெனவே உள்ளே வந்திருக்க வேண்டும். அவைக்குறிப்பிலிருந்து நீக்குகிறார்களே, அது பேசி முடித்த பிறகு நடப்பது. எனவே என் ஓட்டு சான்று விலக்கல் மனுவுக்கு. 'விலக்கு' என்று நிறுத்தினால் வரிவிலக்கு மாதிரி சலுகையாகத் தொனிக்கும் என்பதால் 'விலக்கல்'. 'சாட்சியம்' என்றால் கூண்டில் ஏறிச் சொல்வதுதான் நினைவுக்கு வரும். கோபுரப் பதிவுக்குச் 'சான்று'தான் சரி.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 2018 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று கார்பென்டர் பக்கம் நின்றது. இத்தகைய பதிவுகளுக்குப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்றது. ஆனால் வழக்கு திரும்பிப் போனபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? அன்றைய சட்டத்தை நம்பித்தான் அதிகாரிகள் செயல்பட்டார்கள், ஆகவே சான்றை விலக்கத் தேவையில்லை, தண்டனை நிற்கும் என்றது. இதை 'விலக்கல் விதியின் நன்னம்பிக்கை விதிவிலக்கு' என்று எழுதினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். 'நன்னம்பிக்கைத் தளர்வு' என்று வைத்துக்கொள்ளலாம். ஊரடங்குக் காலத்திலிருந்து 'தளர்வு' எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

> இத்தனை சட்ட அகராதிகள் இருந்தும் ஏன் இதற்குச் சொல் இல்லை?

தேவைப்படவில்லை, அவ்வளவுதான். முறைகேடாக எடுத்த சான்றை விலக்கும் விதி அமெரிக்காவில் 1914இலேயே கூட்டாட்சி நீதிமன்றங்களில் வந்தது, 1961இல் மாநிலங்களுக்கும் போனது. இங்கே 1973இல் பூரண்மல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போயிற்று. சோதனை சட்டவிரோதமாக நடந்திருந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையது என்றால் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை என்றது. நம் வக்கீல்கள் விடுவிப்பு மனு போடுவார்கள், ஜாமீன் மனு போடுவார்கள். இப்படி ஒரு மனுவைப் பெரும்பாலோர் கையால் தொட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் மொழிபெயர்ப்பில் 'முன்விசாரணை மனுக்கள்' என்ற தலைப்பு மட்டும் உறுத்துகிறது. போலீஸ் கூப்பிட்டு விசாரித்தாலும் நமக்கு விசாரணை, கோர்ட்டில் நடந்தாலும் விசாரணை. 'வழக்கு விசாரணைக்கு முந்தைய மனுக்கள்' என்று நீட்டியே எழுதுங்கள், நீளம் பரவாயில்லை.

கூட்டாளியின் வாக்குமூலம் தன்மேல் ஒட்டக் கூடாது என்று தனி விசாரணை கேட்பதற்கு 'வழக்குப் பிரிப்பு மனு' என்றிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். அப்புறம், ஜூரியை 'நடுவர் குழு' ஆக்கியிருப்பதை மாற்றிவிடுங்கள். தமிழ்நாட்டில் நடுவர் என்றால் மாஜிஸ்திரேட். ஜூரி ஜூரியாகவே இருக்கட்டும்.