காட்டுக் காப்பி: காஃபா, யாயு காடுகளில் பறிப்பு, காயவைத்தல், விற்பனை – அனுபவப் பகிர்வு

முதல் பதிவு

காட்டுக் காப்பி என்றதும், கேட்பாரற்ற காட்டில் விளைந்து கிடப்பதை அள்ளி வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். தென்மேற்கு எத்தியோப்பியாவில் போங்கா நகரைச் சுற்றிய காஃபா காடுகளும், இன்னும் வடக்கே உள்ள யாயு காடும் அப்படிப்பட்டவை அல்ல. இரண்டுமே 2010-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்கள் ஆயின. எந்தத் துண்டில் எந்தக் குடும்பம், எந்தக் குழு பறிக்கலாம் என்பது ஊருக்குத் தெரியும்.

நிழலில் வளரும் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக, ஆளைவிடப் பல மடங்கு உயரமாகப் போய்விடும். பழம் கிளைக்குக் கிளை சிதறி இருக்கும். தண்டைக் கொக்கியால் மெல்ல வளைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சிவந்ததை மட்டும் மறு கையால் எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தண்டு முறியும். அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தச் செடி காய்க்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே செடிக்கு மூன்று, நான்கு முறையாவது போக வேண்டும். ஆள் கிடைக்காதபோது ஒரே தடவையில் உருவிவிடுகிறார்கள். பச்சைக்காய் கலந்தால் கோப்பையில் துவர்ப்பு வரும், விலையும் சரியும். குரங்குகளும் பபூன்களும் முந்திக்கொள்ளும் என்ற பயமும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். கீழே உதிர்ந்த பழத்தைத் தனிக் கூடையில்தான் போட வேண்டும். அதன் மண்வாடை மூட்டை முழுவதையும் கெடுக்கும்.

பதில்

பறிப்புக்கு முந்தைய வேலையையும் சேர்க்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்க வழி செய்யப் புதரை வெட்டுவார்கள். காப்பிச் செடியைக் கொல்லும் வாடல் நோய் பெரும்பாலும் அப்போதுதான் பரவுகிறது. வெட்டுக்கத்தி தண்டின் அடியில் பட்டுவிடும். அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சை நுழையும். முதலில் இலைகள் மஞ்சளாகித் தொங்கும், பல நேரம் ஒரு பக்கம் மட்டும். அடித்தண்டில் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பழுப்பும் கருமையுமாகக் கோடுகள் தெரியும். அந்தச் செடி பிழைக்காது. வேரோடு பிடுங்கி அதே இடத்தில் எரிக்க வேண்டும். விறகுக்கு இழுத்துச் சென்றால் நோயும் கூடவே போகும். அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தியைத் தீயில் காட்டுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குக் கத்தி வேண்டாம், கையால் பிடுங்குங்கள்.

இன்னொன்று: புதரோடு சேர்த்துப் பெருமரங்களின் கன்றுகளையும் ஆண்டுதோறும் வெட்டிவிட்டால், இன்றைய மரம் விழும்போது அந்த இடத்தை நிரப்ப மரம் இருக்காது. வான்சா, பிர்பிரா போன்ற நிழல்மரங்களின் கன்றுகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வைப்பது பத்து நிமிட வேலை.

பதில்

காட்டுக் காப்பியின் பெயர் கெடுவது காட்டில் அல்ல, காய வைக்கும் இடத்தில். இங்கே பெரும்பாலும் பழத்தை அப்படியே காய வைக்கிறார்கள். நம் மலைத்தோட்டங்களில் 'செர்ரி' என்கிறோமே, அதேதான். புதுப் பழத்துக்கு எஷெத் என்றும், காய்ந்த பழத்துக்கு ஜென்ஃபெல் என்றும் பெயர். கணக்கு ஏறக்குறைய இப்படி: 5 முதல் 6 கிலோ பழத்துக்கு 2 கிலோ ஜென்ஃபெல், அதை உடைத்தால் 1 கிலோ கொட்டை.

பறித்த அன்றே பரப்ப வேண்டும். சாக்கில் ஓர் இரவு கிடந்தால் சூடேறிப் புளிக்கும். பிறகு எவ்வளவு காய வைத்தாலும் அந்த வாடை போகாது. இடுப்புயரத்தில் மரச்சட்டம், மேலே கம்பி வலை அல்லது மூங்கில் பாய் போட்ட பரண்தான் ஏற்றது. காற்று அடியிலிருந்தும் வர வேண்டும். முதல் சில நாள் ஒரு பழத்தின் மேல் இன்னொன்று ஏறாமல் பரப்பி, நாளுக்குப் பல தடவை கிளறுங்கள். தோல் கருத்துச் சுருங்கிய பிறகு மூன்று, நான்கு சென்டிமீட்டர் வரை கனம் தாங்கும். மேகம் கூடினாலும் இருட்டினாலும் மூட வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் தாளைப் பழத்தின் மேலேயே போட்டால் அடியில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வளைந்த கம்புகளின் மேல் கூடாரம்போலப் போடுங்கள். தென்மேற்கில் பறிப்புக் காலத்திலும் மழை விடாது. மூன்று வாரத்தில் முடிய வேண்டியது ஐந்து வாரம் ஆகலாம். அவசரப்பட்டுத் தார்ச்சாலையில் கொட்டினால் தூசியும் எண்ணெய் வாடையும் ஏறும்.

கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலக்க வேண்டும். ஒன்றை உடைத்துக் கொட்டையைக் கடியுங்கள்: பல் பதிந்தால் ஈரம், 'டக்'கென்றால் சரி. ஆனால் விற்பவர் இதை மட்டும் நம்பக் கூடாது. ஈரமானி வைத்து ஈரம் 11.5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதைத் தாண்டினால் சரக்கைப் பெறும் கிடங்கு திருப்பி அனுப்பிவிடும்.

பதில்

விற்பனைப் பக்கம். ஊரில் வாங்குபவர் சப்சாபி, அவரிடமிருந்து திரட்டி உடைத்து அனுப்புபவர் அக்ராபி. விலை ஃபெரசுலா கணக்கு, அதாவது 17 கிலோ. ஜென்ஃபெல் விலையையும் கொட்டை விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்; ஜென்ஃபெல்லில் ஏறத்தாழப் பாதி எடை தோல்தான்.

2008-ல் எத்தியோப்பியச் சரக்குச் சந்தை வந்த பிறகு, தனியாரின் சரக்கெல்லாம் 'வட்டாரம்', 'தரம்' என்ற இரண்டு அடையாளத்தோடு மட்டும் ஒன்றாகக் கலந்தது. எந்தக் காடு என்ற விவரம் அங்கேயே அழிந்தது. தரமதிப்பீட்டில் கொட்டைக்கு 40, சுவைக்கு 60 மதிப்பெண். கூட்டுறவு ஒன்றியங்களும் பெருந்தோட்டக்காரர்களும் மட்டும் நேரடியாக ஏற்றுமதி செய்ய முடிந்தது. 2017 சீர்திருத்தத்துக்குப் பிறகு மற்றவர்களும் இடம் அறிந்து வாங்க வழி பிறந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விற்பவர்கள் அதன் 2023-ன் காடழிப்புச் சட்டத்தைக் கவனியுங்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தின் காப்பி செல்லாது. காப்பி விளைந்த நிலத்தின் இருப்பிடத்தைப் பதிந்து தர வேண்டும்; 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட துண்டுக்கு எல்லைக்கோடே தர வேண்டும். அடர்ந்த மரங்களின் கீழ் கைப்பேசி காட்டும் இடம் பல மீட்டர் தள்ளிப்போகும். வெட்டவெளியான இடத்தில் சில நிமிடம் நின்று, மூன்று முறை பதிந்து ஒப்பிடுங்கள்.

பதில்

சேமிப்பு பற்றி ஒரு வார்த்தை. பணம் தேவைப்படும்வரை ஜென்ஃபெல்லாகவே வைப்பது நல்ல வழக்கம். தோலோடு இருக்கும் கொட்டை நிறம் மாறாது. ஆனால் அதே வீட்டில் ஏலக்காய்க்கு உறவான கொராரிமாவும், நம் திப்பிலிக்கு உறவான திமிஸும் இருக்கும். காப்பி அவற்றின் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். அடுப்புப் புகை எட்டாத வேறு அறையில், தரையில் கட்டை போட்டு, சுவரில் படாமல் சணல் சாக்கில் அடுக்குங்கள்.